வலிச்சா... குறை உடம்புல இல்ல, சீட்டுல!

போன மாதம் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு புது சைக்கிள் தூசி படிந்து நின்றது. பிளஸ் 1 படிக்கும் அக்கா மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள். அதன் ஹேண்டில் பாரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஏன்டி, ஓட்டுறதில்லையா?" என்றேன்.

அவள் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எல்லாம் சோம்பேறித்தனம். ஸ்கூல் நாலு கிலோமீட்டர். ஒரு மாசம் ஓட்டினா, அவ்வளவுதான். இப்ப பஸ்ஸுக்கு நிக்கிறா. அந்த பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள முதல் பீரியடே முடிஞ்சிடுது."

அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நான், அவள், அந்தப் பக்கம் அம்மா. லைட்டை அணைத்து வெகுநேரம் கழித்து மெதுவாக ஒரு குரல்.

"சித்தி... தூங்கிட்டீங்களா?"

"இல்லடா, சொல்லு."

"சைக்கிள் ஓட்டினா வலிக்குது சித்தி. பின்னாடி இல்ல... முன்னாடி. யூரின் போனா எரியுது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து இறங்கினா அந்த இடமே மரத்துப்போச்சு. பயந்துட்டேன். கூட வர்ற பொண்ணுங்க எல்லாம் நல்லாத்தான் ஓட்டுறாங்க. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

நான் பதில் சொல்வதற்கு முன் அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எனக்கும்தான்டி வலிச்சுச்சு."

நாங்கள் இரண்டு பேருமே எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

அம்மா சொன்ன கதை

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பெண்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

என் அம்மாவும் அப்படிப் பழகியவர்தான். அம்மா சைக்கிள் ஓட்டிய கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம் கட்டி ஓட்டியது, மாமனார் முன்னால் இறங்காமல் போனது, எல்லாம் தெரியும். வலித்த கதையை மட்டும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

"உங்க தாத்தா சைக்கிள் பெருசு. குரங்குப் பெடல் அடிச்சுத்தான் பழகினேன். அப்புறம் சீட்டுல ஏறினா கால் எட்டாது. இந்தப் பெடலை மிதிக்க இடுப்பை இப்படிச் சாய்க்கணும், அந்தப் பெடலுக்கு அப்படிச் சாய்க்கணும். சாயங்காலம் நடக்க முடியாது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கிட்டுப் படுத்துருவேன். சாக்கை நாலா மடிச்சு சீட்டு மேல போட்டுக் கட்டிப் பாத்தேன். அதுக்கும் சரியாகலை."

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"யார்கிட்ட சொல்ல? சொன்னா, 'அதான் பொம்பளைக்கு சைக்கிள் வேணாம்னு சொன்னோம்'னுவாங்க. இருக்கிற சைக்கிளும் போயிடும்."

அம்மாவின் அந்தக் கடைசி வரிதான் இந்த வாரக் கட்டுரை. வலி என்று சொன்னால் வலியைச் சரிசெய்ய மாட்டார்கள், சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்தப் பயத்தில் அம்மா வாயை மூடிக்கொண்டார். பேத்தியும் அதே பயத்தில் வாயை மூடிக்கொண்டு, சைக்கிளைத் தானே ஓரம் கட்டிவிட்டாள்.

நடுவில் நான் ஒருத்தி. என் கதையும் வேறில்லை. 42 வயதில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றதும் சைக்கிள் வாங்கினேன். மூன்றாவது வாரமே வலி. கடையில் சொல்ல வெட்கப்பட்டு, பஞ்சு போன்ற ஜெல் கவர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். வலி கூடியதுதான் மிச்சம். டாக்டரிடம் போனால், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா சைக்கிள்? வாக்கிங் போங்க" என்றார். ஒரு வருடம் என் சைக்கிளிலும் துணிதான் காய்ந்தது.

ஏன் வலிக்கிறது?

நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும்போது நம் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முட்டுகள். கடினமான பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் புட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள், கல் மாதிரி இரண்டும் தட்டுப்படும். எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்த எலும்புகள் இவை. சைக்கிள் சீட்டின் அகலமான பின்பகுதி இந்த இரண்டையும் தாங்க வேண்டும். சீட்டின் மூக்கு, அதாவது நீண்ட முன்முனை, உட்காருவதற்கு அல்ல. சைக்கிளை நேராக வைத்துக்கொள்ளத் தொடைகளுக்கு அது ஒரு பிடிமானம். அவ்வளவுதான்.

எடை அந்த எலும்புகளிலிருந்து நழுவி முன்னால் வரும்போது வலி தொடங்குகிறது. முன்னால் இருப்பது பிறப்புறுப்பின் மென்மையான சதை. நரம்பும் ரத்தக்குழாயும் நிறைந்த இடம். அங்கே அழுத்தம் விழுந்தால் ரத்த ஓட்டம் குறையும், நரம்பு நசுங்கும், மரத்துப்போகும். பெடல் மிதிக்க மிதிக்கத் தோல் உரசும். வியர்வையும் சேர்ந்தால் தோல் வழண்டுபோகும். வழண்ட தோலில் சிறுநீர் பட்டால் எரியும்.

பொதுவாகப் பெண்களின் இடுப்பெலும்பு ஆண்களைவிட அகன்றிருக்கும். முன்பக்க எலும்பின் வளைவும் விரிந்திருக்கும். ஆண் உடலை மனதில் வைத்துச் செய்த ஒடுக்கமான சீட்டில் பல பெண்களின் எலும்பு முட்டுகள் இரண்டு பக்கமும் வெளியே தொங்கிவிடும். மொத்த எடையும் நடுவில் இறங்கிவிடும். பெண்களுக்குள்ளும் ஒருவர் அளவு இன்னொருவருக்கு இருக்காது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வலிக்காமல் ஓட்டுவதால் உங்கள் உடம்பில் குறை என்று அர்த்தமில்லை. இன்னொருவர் செருப்பு நம் காலைக் கடித்தால் காலையா குறை சொல்வோம்?

இது புதுப் பிரச்னையும் அல்ல. மேற்கு நாடுகளில் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய 1890-களிலேயே, நடுவில் இடைவெளி விட்ட 'சுகாதார சீட்டு'கள் விளம்பரத்தில் வந்துவிட்டன. பிறகு அது எப்படியோ மறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பொறியாளர் 1980-களில் பெண்களுக்கென்றே சைக்கிள் செய்யத் தொடங்கினார். மூக்குப் பகுதியில் துளை விட்ட சீட்டைப் பெண்களுக்காக மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர்.

உலக அளவில் போட்டியிடும் வீராங்கனைகளுக்கும் இந்த வலி உண்டு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் பங்கேற்ற பிரிட்டன் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், பல வருடங்கள் சீட்டு அழுத்தியதால் தன் பிறப்புறுப்பில் வந்த வீக்கத்தையும், அதற்காகச் செய்துகொண்ட அறுவை சிகிச்சையையும் பற்றி 2019-ல் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். பிரிட்டன் சைக்கிள் அணி ரியோ ஒலிம்பிக்குக்கு முன்பே இதற்கென நிபுணர்களை உட்கார வைத்துப் பேசியது. உரசலிலிருந்து தோலைக் காப்பது முடிதான், அதை மழிக்க வேண்டாம் என்று வீராங்கனைகளுக்குச் சொன்னார்கள். போட்டி சைக்கிளில் சீட்டை எவ்வளவு சாய்க்கலாம் என்ற விதியைத் தளர்த்தும்படி சர்வதேச சைக்கிள் சங்கத்திடமும் வாதாடினார்கள். பதக்கம் வாங்குகிறவர்களுக்கே சீட்டின் சாய்வு இவ்வளவு பெரிய விஷயம் என்றால், தினமும் நாலு கிலோமீட்டர் மிதிக்கிற பிள்ளைக்கு இருக்காதா?

வாசலில் ஒரு பரிசோதனை

மறுநாள் காலை மூன்று பேரும் சைக்கிளை வெளியே இழுத்தோம். நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு ஸ்பானரும் ஒரு செல்போனும் போதும்.

முதலில் மூக்கு. பெரும்பாலான வலிக்கு இதுதான் காரணம். சைக்கிளைச் சமதரையில் ஒருவர் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளட்டும். சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு ஸ்கேலையோ நோட்டு அட்டையையோ வைத்து, அதன்மேல் போனை வையுங்கள். பல போன்களில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் இலவச ஆப் கிடைக்கும். அக்கா மகளின் சைக்கிளில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அவள் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அந்த முனை மேல்நோக்கி அழுத்தியிருக்கிறது.

சீட்டுக்கு அடியில் இருக்கும் நட்டைத் தளர்த்தி முதலில் மட்டமாக வையுங்கள். அப்போதும் அழுத்தினால் முனையை ஒன்றிரண்டு டிகிரி மட்டும் கீழே இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் சறுக்கிச் சறுக்கி முன்னால் வருவீர்கள். பிறகு மணிக்கட்டும் தோளும் வலிக்கும்.

அடுத்தது உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்காருங்கள். ஒரு பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம் அல்லவா, அப்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கும்.

சீட்டு இதைவிட உயரமாக இருந்தால் என்ன ஆகும்? அம்மா சொன்னதுதான். இந்தப் பெடலுக்கு இப்படி, அந்தப் பெடலுக்கு அப்படி என இடுப்பு ஆடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தோல் ஒரு தடவை உரசும். நாலு கிலோமீட்டரில் ஆயிரம் தடவைக்கு மேல். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்சநேரம் பேசவே இல்லை. "அப்ப அந்த சீட்டை இறக்கியிருந்தாலே போதுமாடி?" என்றார். சீட்டு மிகவும் தாழ்ந்திருந்தாலும் கஷ்டம்தான். காலால் ஊன்றி மிதிக்க முடியாமல் முழு எடையும் சீட்டில் இறங்கும், முழங்காலும் வலிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சீட்டைத் தாங்கும் குழாயில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. ஒடிந்துவிடும். புதிதாகப் பழகும் சிறு பிள்ளைகளுக்குக் கால் தரையில் ஊன்றும் உயரமே போதும். பயம் தெளிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம்.

மூன்றாவது, எட்டும் தூரம். ஹேண்டில் பாரைப் பிடிக்க எட்டிக் குனிய வேண்டியிருந்தால் இடுப்பு முன்னால் கவிழும், எடை மென்மையான சதைக்கு மாறும். முழங்கை லேசாக மடங்கியிருக்கும் நிலையில் கை எட்ட வேண்டும். சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளலாம், முடிந்தால் ஹேண்டில் பாரை உயர்த்தலாம்.

நான்காவது, அகலம். சீட்டு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் இது தேவை. அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் திண்ணையிலோ படியிலோ போட்டு, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்காருங்கள். முன்னால் கொஞ்சம் குனிந்து, ஒரு நிமிடம் அழுத்தி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 செ.மீ.க்குள் வரும். அந்த அளவோடு இரண்டு மூன்று செ.மீ. கூட்டினால் சீட்டின் பின்பக்க அகலம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதா சைக்கிளுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் தேவைப்படலாம். தேவைக்கு மேல் அகலமானால் தொடை இடுக்கு உரசும்.

அன்று அளந்ததில் எனக்கு 13, அக்கா மகளுக்கு பதினொன்றரை. "எனக்கும் அளடி" என்று அம்மாவும் வந்து உட்கார்ந்தார். பதினாலு. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று அளவு!

மெத்தென்று இருந்தால் நல்லதுதானே?

நான் செய்த தப்பு இதுதான். சீட்டு ரொம்ப மெத்தென்று இருந்தால் எலும்பு முட்டுகள் பஞ்சுக்குள் புதைந்துவிடும். பிதுங்கிய பஞ்சு நடுவில் மேலே எழும்பி, அழுத்தக் கூடாத இடத்தைத்தான் அழுத்தும். அம்மா கட்டிய சாக்கும் அந்த வேலையைத்தான் செய்திருக்கும். சற்று உறுதியான, எலும்பைத் தாங்குகிற சீட்டே நல்லது. முதல் சில நாட்கள் புட்டத்தில் எலும்பு இருக்கும் இடம் வலிக்கலாம். பழகிவிடும். ஆனால், முன்பக்க வலியும் மரத்துப்போவதும் பழகிக்கொள்ள வேண்டிய விஷயங்களே அல்ல.

நடுவில் பள்ளமோ துளையோ உள்ள சீட்டு பலருக்கு நிம்மதி தருகிறது. சிலருக்கு அந்தத் துளையின் ஓரமே உறுத்தும். எனவே, முடிந்தால் தோழியின் சைக்கிளில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உடையும் சுத்தமும்

கால்களுக்கு நடுவில் தடித்த தையல் கூடும் ஜீன்ஸ், நைலான் உள்ளாடை இரண்டையும் சைக்கிளுக்குத் தவிர்த்துவிடுங்கள். தையல் மெலிதான பருத்தி பேன்ட், சரியான அளவுள்ள உள்ளாடை நல்லது. தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடலாம். அதை உள்ளாடை இல்லாமல் நேரடியாகப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும்.

மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரம் உரசும். கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள், சுருண்டு நிற்காமல் பாருங்கள். மென்ஸ்ட்ருவல் கப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வலித்தால் அந்த இரண்டு நாள் ஓட்டாமல் இருப்பதிலும் தப்பில்லை.

ஓட்டிவிட்டு வந்ததும் வியர்த்த உடையை மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒத்தித் துடைத்தால் போதும். டெட்டாலோ வாசனை சோப்போ பவுடரோ வேண்டாம். வழண்ட தோலை அவை இன்னும் எரிய வைக்கும். மழித்த முடி மறுபடி முளைக்கும்போது வேர்க்கால்களில் கொப்புளம் வரும், அதன்மேல் சீட்டு உரசினால் சீழ்க்கட்டியாகும். எனவே, நீளமாகத் தோன்றினால் கத்தரித்துக்கொள்ளுங்கள், மழிக்க வேண்டாம்.

ஓட்டும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். வேகத்தடையும் பள்ளமும் வந்தால் பெடலில் ஊன்றி சீட்டை விட்டு எழும்புங்கள். நல்ல ரோடானாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சில நொடிகள் எழுந்து மிதியுங்கள். நின்றுபோன ரத்த ஓட்டம் திரும்ப அது உதவும்.

பிரசவமான பெண்கள், தையல் ஆறி, டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஹார்மோன் குறைவதால் அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோகும், சீக்கிரம் வழண்டுவிடும். அதற்கு நல்ல களிம்புகள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். 'இந்த வயசுல எதுக்கு?' என்று சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்த இரண்டாவது டாக்டர்தான் என்னிடம், "சீட்டு எப்படி இருக்கு?" என்று முதன்முதலில் கேட்டவர்.

எப்போது டாக்டர்?

இறங்கி வெகுநேரம் ஆகியும் மரத்தது தெளியவில்லை, அல்லது அடிக்கடி மரத்துப்போகிறது. கட்டியோ சீழோ வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வீங்கி நாள்கணக்கில் வடியவில்லை. காய்ச்சல் இருக்கிறது. இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர் படும்போது வெளியே தோல் மட்டும் எரிந்தால் உரசலாக இருக்கலாம். அடிக்கடி போகவேண்டும் போலிருப்பது, அடிவயிற்று வலி, சிறுநீரில் ரத்தம் எல்லாம் தொற்றின் அறிகுறிகள். சைக்கிள்மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

சைக்கிள் கம்பியின் மேல் கால் பரப்பி விழுந்து அடிபட்டால், ரத்தக் கசிவு, வேகமாகப் பெருகும் வீக்கம், சிறுநீர் வராமை எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பெண் குழந்தைகள் திட்டுக்குப் பயந்து இதை மறைப்பார்கள். 'கீழ விழுந்தா எங்க அடிபட்டாலும் அம்மாகிட்ட சொல்லு' என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'சைக்கிள் ஓட்டினால் பொண்ணுக்குக் கன்னித்தன்மை போயிடும்' என்று இன்றும் சொல்லும் பாட்டிகள் உண்டு, மாமியார்கள் உண்டு. கன்னிச்சவ்வு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதை வைத்து யாருடைய கன்னித்தன்மையையும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-ல் சொல்லிவிட்டன. இந்தப் பயத்துக்காக ஒரு பிள்ளையின் சைக்கிளை நிறுத்தாதீர்கள்.

கடையில் எப்படிக் கேட்பது?

சீட்டு நட்டு இறுகிப்போயிருந்ததால், தெருமுனை சைக்கிள் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அக்கா மகள் வர மாட்டேன் என்றாள். "அந்த அண்ணன்கிட்ட என்னன்னு சித்தி சொல்றது?"

"உன் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். சைக்கிளைப் பத்திச் சொன்னா போதும்" என்றேன்.

கடையில் அவளே சொன்னாள். "அண்ணே, சீட்டு மூக்கு தூக்கி நிக்குது, மட்டமா வைங்க. அப்படியே ரெண்டு விரற்கடை இறக்குங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எண்ணெய் விட்டு, நட்டைத் தளர்த்தி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "இந்த சைக்கிள்ல இப்படித்தான் நிறைய வருது. ஆம்பளப் பசங்க வந்து மாத்திட்டுப் போயிடுவாங்க. பொம்பளப் புள்ளைங்க யாரும் கேட்டதே இல்ல" என்றார். இருபது ரூபாய்.

இதை உங்கள் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுங்கள். கடையில் சொல்ல 'மூக்கு, உயரம், அகலம்' என்ற மூன்று வார்த்தை போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் அம்மாவிடம் சொல்ல மட்டும் முழு வாக்கியம் வேண்டும். அதற்கு அம்மாதான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். 'ஏன் ஓட்டலை, சோம்பேறி' என்பதற்குப் பதிலாக, 'ஓட்டும்போது எங்கேயாவது வலிக்குதா?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வழண்டது முழுக்க ஆற அவளுக்குப் பத்து நாளாயிற்று. அதுவரை பஸ்தான். அக்கா இந்தத் தடவை திட்டவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு போன்.

"சித்தி, சைக்கிள்லதான் போறேன். வலி இல்ல. நேத்து கிளாஸ்ல ரெண்டு பேர் சீட்டையும் நானே பாத்தேன், ரெண்டுமே மூக்கைத் தூக்கிட்டுத்தான் நிக்குது. ஸ்பானர் எங்க சித்தி வாங்குறது?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "தாத்தா பெட்டியில ஒண்ணு கெடக்கு, எடுத்துட்டுப் போடி!"